ஊசி ஏறினால் நிறுத்துங்கள்

வெப்ப ஊசி நடுக்கோட்டைத் தாண்டி மேலே போகிறதா, வண்டியை ஓரங்கட்டுங்கள். இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறிக்கொண்டிருந்தாலும் சரி, பலகடுவ வளைவுகளில் முன்னும் பின்னும் பஸ்ஸும் லொறியுமாக மாட்டிக்கொண்டிருந்தாலும் சரி, நிறுத்துங்கள். பின் ஆசனத்தில் இருப்பவர்கள் கல்யாண முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்பார்கள். பக்கத்தில் இருக்கும் கூட்டாளி, “இன்னும் ரெண்டு வளைவுதான் அண்ணே, மேலே போய்ப் பார்ப்பம்” என்பான். காது கொடுக்காதீர்கள். ஹெட் கேஸ்கட் போவது பெரும்பாலும் அந்த இரண்டு வளைவில்தான்.

என்ஜினின் கீழ்ப்பாதி புளொக், மேல்பாதி ஹெட். இரண்டுக்கும் இடையில் பாடசாலைக் கொப்பியின் அட்டையளவு தடிப்பில் ஒரு தகடு இருக்கிறது, அதுதான் ஹெட் கேஸ்கட். சிலிண்டருக்குள் வெடிக்கும் வாயு, அதைச் சுற்றி ஓடும் தண்ணீர், மேலும் கீழும் போய்வரும் ஒயில் ஆகிய மூன்றும் அந்தத் தகட்டின் ஓட்டைகள் வழியாகவும் ஓரங்கள் வழியாகவும் அக்கம்பக்கமாக இருக்கின்றன, ஒன்றோடொன்று கலப்பதில்லை. சிலிண்டருக்குள் பெற்றோல் எரியும் கணத்தில் அழுத்தம் ஐம்பது பாரையும் தாண்டும். ரேடியேட்டரில் இருப்பதோ ஏறக்குறைய ஒரு பார். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தத் தகடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடிகளைத் தாங்கிக்கொண்டு இருக்கிறது. ஹெட் நேராக இருக்கும்வரை அதற்குக் கஷ்டமில்லை. சூடு மிதமிஞ்சினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். பல ஜப்பானிய என்ஜின்களில் ஹெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட வளைவு 0.05 மில்லிமீற்றர் மட்டுமே. தலைமயிரின் தடிப்புக்கூட இல்லாத அளவு அது. ஏற்றத்தில் முதலாம் கியரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டால் அந்தக் கணக்குத் தப்பிவிடும்.

இன்னொன்றையும் சாரதிமார் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஏறிக்கொண்டிருந்த ஊசி திடீரென்று கீழே இறங்கினால் “தானாகச் சரியாயிற்று” என்று மகிழாதீர்கள். சூட்டை அளக்கும் சென்சர் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் உண்மையைச் சொல்லும். தண்ணீர் வற்றி அது வெறும் ஆவிக்குள் நின்றால் ஊசி இறங்கிக் காட்டலாம். அந்த நேரத்தில் உள்ளே என்ஜின் வெந்துகொண்டிருக்கும். ஏறிய ஊசி காரணமில்லாமல் இறங்கினால், ஏறியதைவிட அது மோசம்.

நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கல் வையுங்கள், பின்னால் வருபவர் காணும்படி எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்கள், ஆட்களை இறக்கி மேட்டுப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். என்ஜினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியில் கைவைக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும்வரை தண்ணீர் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணம் அது சட்டென்று கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்தில் அடிக்கும். மேலே குளிர்ந்த தண்ணீரை ஊற்றவும் வேண்டாம், சூட்டில் இருக்கும் ஹெட்டில் வெடிப்பு விழும். அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். குழாயைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்கும் சூடு என்றான பிறகே தடித்த துணியால் மூடியைப் பிடித்து, கால்வாசி திருப்பி, சீறல் அடங்கியதும் திறவுங்கள். தண்ணீர் காணாமற்போயிருந்தால் அங்கிருந்து ஓட்டிப் போகாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள். இழுவைக் கூலி கையைக் கடிக்கும். ஹெட்டைக் கழற்றி இறக்கும் செலவோடு பார்த்தால் அது காசே அல்ல.

ஆனால் ஊசி ஏறுவது கடைசி அறிகுறி. அதற்கு வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் முன்பே வண்டி சொல்ல ஆரம்பித்திருக்கும். கேட்காதது நாம்தான்.

“வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்குது” என்ற பேச்சைக் கைவிடுங்கள். எந்த வண்டியும் தண்ணீர் குடிப்பதில்லை. மூடிய சுற்றுக்குள் ஓடும் தண்ணீர் குறைகிறது என்றால் அது எங்கோ போகிறது. குழாயிலோ ரேடியேட்டரிலோ தண்ணீர்ப் பம்பிலோ ஒழுகினால் தரையில் ஈரம் தெரியும், பச்சையோ சிவப்போ கறை படியும். தரை காய்ந்திருக்க, கிழமைக்கு ஒரு போத்தல் ஊற்ற வேண்டியிருந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் ஆவியாகி வெளியேறுகிறது என்று சந்தேகப்படுங்கள். இருக்கையின் பின்னால் எப்போதும் நிரம்பிய போத்தலோடு திரியும் சாரதிமார் மாத்தளைச் சந்தியில் எத்தனை பேர்! அந்தப் போத்தலைத் தயார்நிலையின் அடையாளம் என்று பலரும் நினைக்கிறார்கள். நானோ அதைத் தள்ளிப்போடலின் அடையாளமாகவே பார்க்கிறேன்.

காலையில் என்ஜினைத் தொடும் முன் பொனட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் குழாயை அழுத்திப் பாருங்கள். இரவு முழுக்க ஆறிய வண்டியில் அது மெத்தென்று இருக்க வேண்டும். கல்லாக இறுகியிருந்தால், அல்லது குளிர்ந்த வண்டியில் மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தால், வெடிவாயு தண்ணீருக்குள் புகுந்திருக்கிறது. மூடியைத் திறந்து வைத்தபடி என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் அடைபட்ட காற்று சில குமிழிகளாக வெளியேறுவது இயல்பு. என்ஜினை முடுக்க முடுக்க நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால், தண்ணீர் மேலே பொங்கி வழிந்தால், அது கேஸ்கட்டின் வேலை. ரேடியேட்டர் ரிசேவ் போத்தலுக்குத் தண்ணீரைக் கக்கிவிட்டு, ஆறிய பிறகு திரும்ப இழுத்துக்கொள்ளாமல் இருப்பதும் அப்படி இருக்கலாம்.

வெள்ளைப் புகையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நமது மாத்தளை மாவட்டத்தில் அது ஆட்களைக் குழப்புகிறது. எல்கடுவயிலோ கம்மடுவயிலோ கந்தேநுவரயிலோ பனி இறங்கிய காலையில் எந்த நல்ல வண்டியும் சைலன்சர் வழியாக வெள்ளை ஆவி விடும். என்ஜின் சூடேறிய பத்து நிமிடத்தில் அது மறைந்துவிடும். சூடேறிய பிறகும், வெயிலிலும், தம்புள்ளைச் சமவெளியில் பகல் பன்னிரண்டு மணிக்கும் வெள்ளைப் புகை தொடர்ந்தால், அதில் இனிப்பு வாடை இருந்தால், அது பனியல்ல, ரேடியேட்டரின் கூலன்ட். ஒயிலிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒயில் மூடியின் அடியில் கொஞ்சம் பால்நிறப் பசை இருந்தால் உடனே அலறாதீர்கள். பக்கத்துக் கடைக்கும் பாடசாலைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் என்ஜின் முழுச் சூடு காணாமல் ஈரம் உள்ளே தங்கும், மலைக்குளிரில் அது இன்னும் கூடும். ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். குச்சி முழுக்கப் பால்தேநீர் நிறமாக ஒயில் திரண்டு, அளவும் கூடியிருந்தால் ஐயமில்லை. அந்த ஒயிலோடு ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள், பெயரிங் தேய்ந்து கிராங்கும் போய்விடும்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில வினாடிகள் வண்டி குலுங்கி, ஒரு சிலிண்டர் செத்ததுபோல் நொண்டி, பிறகு சீராகிவிடுகிறதா? இரவில் ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்து தேங்கியிருக்கலாம். “பிளக் மாத்தினா சரி” என்று ஒரு மாதம் ஓட்டிவிடுகிறார்கள். பிளக் மாற்றியும் குலுங்கல் போகவில்லை என்றால் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைத்து ஒரு கிழமை கவனியுங்கள். தேங்கும் தண்ணீர் அதிகமானால் ஒருநாள் பிஸ்டன் மேலே வர இடமின்றிக் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். அதன்பின் கேஸ்கட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதை இவ்வளவு அவசரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்துவிடப்பட்டது 2025 பெப்ரவரியில். நடுவே 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபாய் விழுந்தது. ஒரு டொலர் ஏறக்குறைய இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனது. உதிரிப்பாகங்கள் எட்டாத விலையாகின, பெற்றோலுக்குக் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்றோம், சர்விஸ் தள்ளிப்போயிற்று. அந்த ஐந்து வருடத்துக்கு முன்பே கிழடான டொல்பின் வேன்களும் டவுன்ஏஸ்களும் இன்றும் நம்மைச் சுமக்கின்றன. அன்று புதிதாக இருந்த அக்குவாவும் வெகன்-ஆரும் இப்போது நடுவயதைத் தாண்டிவிட்டன. இந்தச் சிறிய கார்கள் பலவற்றில் ஊசியே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும். அது எரியும்போது காலம் கடந்திருக்கும். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன காலைச் சோதனையைக் கைவிடவே கூடாது. மூன்றாம் தலைமுறை பிரியஸ் கார்களில் ஹெட் கேஸ்கட் போவது உலகம் முழுக்க மெக்கானிக்குகள் அறிந்த சங்கதி. அவற்றில் காலைக் குலுக்கல்தான் முதல் குரல். (பஜாஜ் ஆட்டோக்காரர்கள் மூச்சு விடலாம். காற்றால் ஆறும் என்ஜினுக்கு ரேடியேட்டர் இல்லை.)

நமது மாவட்டத்தின் நிலஅமைப்பும் தண்ணீரும் தம் பங்குக்கு வேலை காட்டுகின்றன. மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீற்றருக்குள் ரிவர்ஸ்டனில் ஆயிரம் மீற்றரைத் தாண்டிவிடுகிறோம். காலையில் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி ஏற்றிய லொறி, நாவுல, நாலந்தையின் வெக்கையில் ஓடி, பிற்பகலில் பலகடுவ ஏறுகிறது. ஒரே நாளில் ஓர் என்ஜினிடம் இத்தனையும் கேட்கிறோம். அதற்குள் எதை ஊற்றுகிறோம்? கிணற்றுத் தண்ணீரை. வில்கமுவ, கலேவெல, தம்புள்ளைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு விடுவது. சிறுநீரக நோயின் பேச்சு எழும்போதெல்லாம் வில்கமுவயின் பெயரும் தண்ணீரின் பேச்சும் சேர்ந்தே வருகின்றன. குடிக்கத் தயங்கி வடிகட்டி வாங்கும் தண்ணீரை ரேடியேட்டருக்குள் கூச்சமில்லாமல் ஊற்றுகிறோம். கேத்தலில் படிவது என்ஜினின் நீர்ப்பாதைகளிலும் படியும். அதோடு வெறும் தண்ணீர் துருவை வளர்க்கும், மெல்லிய குழாய்களை அடைக்கும். அவசரத்துக்கு ஊற்றினால் ஊற்றுங்கள், அந்த வாரமே வடித்துவிட்டுக் குறித்த கலவையில் கூலன்ட் போடுங்கள். கலக்கக் காய்ச்சி வடித்த நீரைப் பாவியுங்கள்.

தண்ணீர் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்மூர்க் கராஜ்களின் பழைய வைத்தியம். “இந்தச் சூட்டு நாட்டுக்கு அது எதுக்கு?” என்பார்கள். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்கு வழியை மூடவும் செய்யும். அதைக் கழற்றினால் சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி என்ஜினுக்குள் போகும். சமதரையில் வண்டி குளுமையாக ஓடும். ஏற்றத்தில் கொதிக்கும். மூடியையும் கவனியுங்கள். அழுத்தம் பிடிக்காத ரேடியேட்டர் மூடி ஒன்றை மாற்ற ஆகும் செலவு ஒரு குடும்பத்தின் மதியச் சாப்பாட்டுச் செலவுதான். அது பிடிக்காதபோது தண்ணீர் முன்கூட்டியே கொதிக்கிறது, மலையில் ஏற ஏற இன்னும் முன்கூட்டி.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போடுகிறோம். மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் நாளில் நகரத்து வீதியில் வண்டிகள் மணிக்கணக்கில் ஊர்ந்து கொதிக்கின்றன. அம்மன் காப்பாள், சரி. ரேடியேட்டர் மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

பாடசாலை வேன் ஓட்டுபவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். என்ஜின் இறுகி நின்றால் பவர் ஸ்டீயரிங் கல்லாகும். பிரேக்கின் துணைவிசை இரண்டொரு மிதிக்குத்தான் தாங்கும், பிறகு முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். இலுக்கும்புரப் பக்கம் இறங்கும் வளைவில் அது நடந்தால் உள்ளே இருப்பது உங்கள் பிள்ளைகள் அல்ல, உங்களை நம்பி ஏற்றிவிட்ட தோட்டத்துத் தாய்மாரின் பிள்ளைகள். மாதக் காசு தடைப்படுமே என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஒரு நாள் வேன் ஓடவில்லை என்றால் யாரும் உங்களை வேலைநீக்கம் செய்துவிடப் போவதில்லை. முதல்நாள் மாலையே தொலைபேசி எடுத்து, “நாளைக்கு வேன் வராது, வண்டிய கராஜில விட்டிருக்கேன்” என்று சொல்லுங்கள். பெற்றோரே, அப்படிச் சொல்லும் சாரதியைத் திட்டாதீர்கள். அவரைத் திட்டினால் அடுத்த தடவை சொல்லாமல் ஓட்டுவார். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தேறிய தாளைக் காட்டி “வண்டி சுகம்” என்பதும் வேண்டாம். அந்தப் பரிசோதனை புகையை அளக்கிறது, தண்ணீர் எங்கே போகிறது என்பதை அளப்பதில்லை.

இனிக் கராஜ் பாஸ்மார். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை, தெரிந்ததைச் செய்யாமல் விடுவதைத்தான் சொல்கிறேன். ஹெட்டைக் கழற்றுமுன் உறுதிப்படுத்துங்கள். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவம் பெற்றோல் என்ஜினின் வெடிவாயு பட்டால் மஞ்சளாகும், அந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். கழற்றினால் நேர்ச்சட்டமும் இடைவெளி அளவியும் வைத்து ஹெட்டைப் பாருங்கள், வளைந்திருந்தால் லேத்துக்கு அனுப்புங்கள். பழைய டீசல் வேன் என்றால் வெடிப்பு இருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். “கையால தடவிப் பார்த்தேன், சரிதான்” என்று வெறும் கேஸ்கட்டை மாற்றிக் கொடுத்தால் மூன்று மாதத்தில் அதே வண்டி அதே இடத்துக்கு வரும், இரண்டாம் முறை காசு வாடிக்கையாளருடையது. இழுபடும் வகை போல்ட்டுகளை மறுபடி பாவிக்காதீர்கள். முறுக்கும் ஒழுங்கையும் அளவையும் புத்தகத்தில் பார்த்து டோர்க் ஸ்பானரால் முறுக்குங்கள். பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைத்த கேஸ்கட்டைப் போட்டால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முதலில் ஏன் சூடேறிற்று என்பதைக் கண்டுபிடியுங்கள். அடைத்த ரேடியேட்டரோடு புதிய கேஸ்கட் போட்டுக் கொடுப்பது வேலை செய்ததாகாது.

வடித்த கூலன்டை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. நாய் நக்கினால் சாகும், சிறு பிள்ளை வாயில் வைத்தாலும் உயிருக்கு ஆபத்து. உங்கள் கராஜின் கழிவு வாய்க்கால் சுது கங்கையில் போய் விழுகிறது. கீழே குளிப்பவர்களும் வயலுக்குப் பாய்ச்சுபவர்களும் இருக்கிறார்கள். மூடியுள்ள கேனில் சேர்த்து வையுங்கள்.

விற்பவர்களுக்கு வருகிறேன். கேஸ்கட் போன வண்டிக்குள் அடைப்பு மருந்தை ஊற்றி, ஒயிலை மாற்றி, என்ஜினைக் கழுவிப் பளபளப்பாக்கி, சனிக்கிழமை விளம்பரம் போட்டு ஞாயிற்றுக்கிழமை கைமாற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்து சில நாள் பிடிக்கும். பிறகு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். வாங்குகிறவர் யார்? சேர்த்து வைத்த ஊழியர் சேமலாப நிதியைக் கொட்டி, மகனுக்கு ஒரு ஹயர் வேன் வாங்கித் தர நினைக்கும் தோட்டத்தில் ஓய்வுபெற்றவராக இருக்கலாம். குறையைச் சொல்லுங்கள். விலை இறங்கும், இறங்கட்டும். அவர் திருத்தத் தேவைப்படும் காசைக் கழித்துக்கொண்டு வாங்குவார், ஏமாந்தவராக வீடு போகமாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கமிஷன் வாங்கும் தரகரும் தெரிந்துகொண்டே வாய்மூடி இருந்தால் அதே கணக்கில்தான் சேர்கிறார்.

வாங்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், கூட நம்பிக்கையான ஒரு பாஸை அழைத்துக்கொண்டு. “நாங்க வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று முன்பே சொல்லி வையுங்கள். போனதும் முதலில் பொனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன் யாரோ ஓட்டிச் சூடேற்றிக் காலைக் குலுக்கலை மறைத்திருக்கிறார்கள் என்று எண்ணி, அன்று எந்தப் பேரமும் பேசாமல் திரும்பிவிடுங்கள். குளிர்ந்திருந்தால் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறம் பாருங்கள், துருச்சேறா, ஒயில் படலமா, அடைப்பு மருந்தின் மினுக்கமான துகள்களா என்று. பிறகு ஸ்டார்ட் செய்து குமிழியைக் கவனியுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது நகரத்தைச் சுற்றிவிட்டு வராமல், ஏசியைப் போட்டு, நாலு பேரை ஏற்றி, இரத்தோட்டை வீதியில் ஏற்றம் உள்ள இடம்வரை போங்கள். திரும்பி வந்து அரை மணித்தியாலம் அங்கேயே தேநீர் குடியுங்கள். ஆறியதும் ரிசேவ் போத்தலின் மட்டத்தைப் போகும்போது கீறிவைத்த கோட்டோடு ஒப்பிடுங்கள். இதற்கெல்லாம் விற்பவர் முகம் சுளித்தால், முற்பணம் கொடுக்கப் பையில் கை விடாதீர்கள்.